முதல் எழுத்து காணாமல் போன கோப்புகள்

போன வருஷம் மே மாதக் கடைசியில் அக்கா ஒரு கட்டைப்பையோடு விருதுநகரிலிருந்து வந்து இறங்கினாள். மாம்பழமாக இருக்கும் என்று ஆசையாகத் திறந்தால், உள்ளே பதினேழு கல்லூரிகளின் வழவழப்பான பிரசுரங்கள். பின்னாலேயே அவள் மகள். ஒரு காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றாமலேயே, "மாமா, சைபர் ஃபாரன்சிக் படிக்கலாம்னு இருக்கேன். ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்க வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவள். மதிப்பெண்ணும் மோசமில்லை. பொறியியல் கவுன்சிலிங்குக்கும் ஒரு கையில் விண்ணப்பித்து வைத்திருந்தாள். ஆனால் மனசு முழுக்க அந்தப் பிரசுரங்களில் இருந்தது. பாதிக்கு மேல் அட்டையில் ஒரே படம்: கறுப்பு முக்காடு போட்ட ஒருவன் இருட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். சைபர் ஃபாரன்சிக், அதாவது சைபர் தடயவியல் என்பது கம்ப்யூட்டரிலும் போனிலும் கிடக்கும் தடயங்களை எடுத்து, கோர்ட்டில் நிற்கும்படி சொல்கிற வேலை. நான் பன்னிரண்டு வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். முக்காடு போட்ட ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை. ஏசி தாங்காமல் ஸ்வெட்டர் போட்டவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் யாருக்கும் என் வேலை இன்னதென்று விளங்கியதே இல்லை. அக்கா வெளியாட்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ போலீஸ் மாதிரி" என்பாள். நான் இருப்பது சென்னையில் ஒரு சின்னத் தனியார் ஆய்வுக்கூடம். கம்பெனிகளின் உள்விசாரணை, சொத்து வழக்கில் யாரோ காட்டிய வாட்ஸ்அப் உரையாடல், விவாகரத்து வழக்கின் ஆடியோ, நகைக்கடையின் சிசிடிவி பெட்டி, இப்படித்தான் வரும். ஹேக்கரைத் துரத்திப் பிடித்தது கிடையாது.

அவளை உட்கார வைத்து ஒரு நாள் வேலையைச் சொன்னேன். பழுப்புக் கவரில் சீல் வைத்து ஒரு ஹார்ட் டிஸ்க் வரும். பிரிக்கும் முன் சீலைப் படம் எடுக்க வேண்டும். டிஸ்க்கின் சீரியல் எண்ணும் கூட வந்த தாளில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். (ஒருமுறை ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததற்கு நாலு நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது.) அப்புறம், டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிவிடக் கூடாது. விண்டோஸ் என்பது வீட்டுக்கு வந்த பெரியத்தை மாதிரி. சும்மா உட்காராது, உள்ளே நுழைந்ததும் எதையாவது நகர்த்தி வைக்கும். அதனால் நடுவில் ரைட் பிளாக்கர் என்றொரு சின்னப் பெட்டி. படிக்க விடும், எழுத விடாது. அதன் வழியாக டிஸ்க் முழுவதையும் ஒரு பிட் விடாமல் பிரதி எடுக்க வேண்டும். வினாடிக்கு 100 எம்.பி. வேகம் கிடைத்தால் 1 டி.பி. டிஸ்க்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். பிரதி சரிதானா என்று ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு மதிப்பு) போட்டுச் சரிபார்க்க இன்னொரு முறை அதே அளவு நேரம். அதுவரை டீ.

"டீயா?"

நிறைய டீ. அதற்கப்புறம்தான் தேடல். தேடுவதைவிட அதிக நாள் எழுத்து வேலை. எதைக் கண்டேன், எப்படிக் கண்டேன், இன்னொருவர் இதே வழியில் போனால் இதே இடத்துக்கு வந்து சேர்வாரா என்பதை வக்கீலுக்கும் நீதிபதிக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு முதல் இரண்டு வருஷம் தண்ணி காட்டியது டிஸ்க் இல்லை, இங்கிலீஷ் அறிக்கைதான்.

அலுத்துப்போவாள் என்று பார்த்தேன். "நீங்க எப்பயாச்சும் தப்பா எழுதியிருக்கீங்களா மாமா?" என்று கேட்டாள். இயர்போன் இப்போது காதில் இல்லை.

எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். ஒரு கம்பெனியை விட்டுப் போன ஊழியர், வாடிக்கையாளர் பட்டியலை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று புகார். எந்த பென்டிரைவ் கடைசியாக எப்போது மாட்டப்பட்டது என்ற தடம் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். தேடினேன், கிடைத்தது. நேரம் 04:15. யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து வேலையை முடித்திருக்கிறார் என்று எனக்கு ஒரே பரபரப்பு. அறிக்கையில் 'அதிகாலை' என்ற வார்த்தையை நானாகவே சேர்த்தேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவ்வளவு பெருமை.

என் மேலதிகாரி வரைவைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த பில்டிங்ல ஷட்டரை எத்தனை மணிக்குத் தம்பி திறப்பாங்க?"

விண்டோஸ் அந்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதி வைக்கிறது. நம்முடைய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 04:15 என்றால் இங்கே காலை 9:45. எல்லாரும் வந்து, பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, வேலையை ஆரம்பிக்கிற நேரம். அந்த பென்டிரைவும் கம்பெனியே அவருக்குக் கொடுத்திருந்தது. அறிக்கை அப்படியே போயிருந்தால் அந்த மனிதர் திருட்டுப் பட்டத்தோடு அலைந்திருப்பார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. இப்போதும் 4:15 என்று எங்காவது கண்ணில் பட்டால் வயிற்றைப் பிசைகிறது.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் அமைப்பு நேரத்தை உள்ளூர்க் கணக்கில் எழுதும். விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் பொது நேரத்தில் எழுதும். என்டிஎஃப்எஸ் நேரத்தை எண்ணத் தொடங்குவது 1601 ஜனவரி 1இலிருந்து. யூனிக்ஸ் வழி வந்தவை 1970 ஜனவரி 1இலிருந்து.

"நாயக்கர் காலத்துலேர்ந்தா எண்ணுது?" என்று சிரித்தாள்.

சரி, விஷயம் என்னவென்றால், கருவி எனக்குக் காட்டிய நேரத்தில் பிழையே இல்லை. அந்த எண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து யாராவது 'எந்த காலேஜ், எந்த கோர்ஸ்' என்று கேட்டால், எந்தெந்த மென்பொருள் சொல்லித் தருகிறார்கள் என்ற பட்டியலை நான் முதலில் பார்ப்பதில்லை. டிஸ்க்கை ஆராயும் என்கேஸ் மென்பொருளை 1998இல் கொண்டுவந்த கைடன்ஸ் சாஃப்ட்வேர் 2017இல் ஓப்பன்டெக்ஸ்ட்டிடம் போய்விட்டது. அதே மாதிரி இன்னொன்றான எஃப்டிகேயைச் செய்த ஆக்சஸ்டேட்டாவை 2020இல் எக்ஸ்டெரோ வாங்கியது. கடைப் பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கில் பைட்டுகள் எப்படி உட்காருகின்றன என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டா ஸ்ட்ரக்சர், இந்த நாலும் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் இருக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பார்ப்பேன். அந்தப் பதினேழில் ஒன்றில், முதல் பருவத்திலேயே எத்திக்கல் ஹேக்கிங் இருந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் விருப்பப் பாடமாகக்கூட இல்லை. அடுப்பே பற்ற வைக்காமல் பாயசத்துக்கு முந்திரி வறுக்கிற கதை.

பதினேழில் நாலு, போய்ப் பார்க்கும் தூரத்தில் இருந்தன. ஒன்றுக்கு நானும் கூடப் போனேன். பெயர் வேண்டாம். வரவேற்பில் ரோஸ்மில்க் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்லக் கூடாது. சைபர் தடயவியல் ஆய்வகம் இரண்டாம் மாடியில். வரிசையாக நாற்பது கம்ப்யூட்டர்கள், சுவரில் மறுபடியும் அந்த முக்காடுக்காரன், மூலையில் ஒரு கண்ணாடி பீரோ. பீரோவுக்குள் ஒரு ரைட் பிளாக்கர். நல்ல கம்பெனியுடையதுதான், விலையும் அதிகம். பழைய நண்பனைப் பார்த்த மாதிரி கிட்டே போனேன். பெட்டியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படவே இல்லை. ஒயர்கள் ரப்பர் பேண்டோடு அப்படியே இருந்தன.

"இதை எப்ப சார் வெளியே எடுப்பீங்க?"

கூட வந்த இளம் ஆசிரியர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்ப எடுப்போம் சார்" என்றார். பீரோ சாவி அலுவலகத்தில் இருக்கிறதாம். அவர் நெட்வொர்க்கிங்கில் எம்.இ. முடித்தவர். பாடத்தை இரவு படித்துக் காலையில் நடத்துவதாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாணவர்கள் எதை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள் என்று கேட்டேன். ரெக்கார்டு நோட்டில் ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுவார்கள் என்றார்.

இதற்குப் பணம் ஒரு சாக்கே இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்கென்றே டிஸ்க் பிரதிகளை இலவசமாக வைத்திருக்கிறது. 2004இல் கேட்பாரற்றுக் கிடந்ததாக ஒரு பழைய டெல் லேப்டாப்பின் கதையைச் சொல்லி, அதன் பிரதியையும் கேள்விகளையும் கொடுத்திருப்பார்கள். அதில் ஒளிந்திருக்கும் ஆசாமியின் பட்டப்பெயரைக் கண்டுபிடித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பிரதிகளை ஆராயும் ஆட்டாப்சி என்ற மென்பொருளும் இலவசம். ஒரு கம்ப்யூட்டரும் பொறுமையான வாத்தியாரும் இருந்தால் பாடம் நடத்திவிடலாம். அவருக்கு அந்த முகவரிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து நன்றி சொல்லி மெயில் அனுப்பியிருந்தார். மூன்று மாணவர்கள் அந்த லேப்டாப்பை முடித்துவிட்டார்களாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்: எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ரைட் பிளாக்கரின் உறை கிழிந்திருக்கிறதா என்று பார். அப்புறம், இங்கே பாடம் நடத்துகிறவர்களில் யாராவது சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறார்களா என்று கேள்.

இரண்டாவது கேள்வி அவளுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் படிப்புக்கும் கூண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றாள். 'தடயவியல்' என்ற பாதி அங்கேதானே இருக்கிறது. கிரிமினல் வக்கீல் ஒருவர் எழுந்து நின்று, "டிஸ்க் உங்கள் கைக்கு வரும் முன் மூன்று நாள் யாரிடம் இருந்தது என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?" என்று கேட்பார். தெரியாது என்பதுதான் பதில். அந்தத் 'தெரியாது' என்பதைக் குரல் நடுங்காமல் சொல்லப் பழகுவதற்கே எனக்கு நாலைந்து வழக்குகள் ஆயின.

சட்டத்தை யாரோ வெளியிலிருந்து வந்து இரண்டு வகுப்பு எடுத்துவிட்டுப் போகிற பாடமாகத்தான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது 2000இல். அந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் இந்தியாவின் முதல் தண்டனை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் தீர்ப்பு 2004 நவம்பரில் நம் எழும்பூர் நீதிமன்றத்தில் வந்ததுதான். ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமாக எழுதிய வழக்கு. முதல் தகவல் அறிக்கையிலிருந்து ஏழே மாதத்தில் தீர்ப்பு. திரையில் தெரிந்ததைச் சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணங்களுக்கான 65பி பிரிவின்படி சான்றளித்துக் கொடுத்தது அதில் முக்கியமான பங்கு. பத்து வருஷம் கழித்து, 2014இல், கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கில் சி.டி.க்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அந்தச் சான்றைக் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் சி.டி.க்களை ஏற்கவில்லை. சான்று கட்டாயம்தான் என்று 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடியும் உறுதி செய்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டமே போய்விட்டது. புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவு. சான்றுப் படிவம் இரண்டு பகுதி: ஒன்று, ஆவணத்தைக் கொடுப்பவர் நிரப்புவது, இன்னொன்று, நிபுணர் நிரப்புவது. இரண்டிலும் ஹேஷ் மதிப்பை எழுத வேண்டும், எந்த முறையில் போட்டது என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் முன்னால் நான் ஹேஷ் என்று சொன்னால் வக்கீல்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இன்று அது அரசிதழில் அச்சான வார்த்தை. அதே நாளில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். கல்லூரிகள் திடீரென்று இந்தப் பட்டங்களை விற்க ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி பட்டங்கள். தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரிகள் சிலவற்றில் சைபர் தடயவியல் என்ற பெயரிலேயே மூன்று வருஷ பி.எஸ்ஸி. இருக்கிறது. பொறியியலில் சைபர் செக்யூரிட்டியைச் சேர்த்துப் பெயர் வைத்த பி.இ.க்கள். முதுகலையில் சென்னைப் பல்கலைக்கழகம் சைபர் தடயவியலையும் தகவல் பாதுகாப்பையும் சேர்த்து எம்.எஸ்ஸி. நடத்துகிறது. வடக்கே காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம். குஜராத் அரசு 2008இல் போட்ட சட்டத்தில் பிறந்து, 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியப் பல்கலைக்கழகமானது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். டிஜிட்டல் தடயவியலில் முதுகலைக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். தடய அறிவியலின் மற்ற பிரிவுகளும் அதே வளாகத்தில் இருப்பதால், விஷம் பார்ப்பவரும் கையெழுத்துப் பார்ப்பவரும் பக்கத்து மேசையில் கிடைப்பார்கள். சென்னையில் 1849இல் தொடங்கிய இரசாயனப் பரிசோதனைக் கூடம்தான் இந்தியாவின் முதல் தடய ஆய்வகம். நாங்கள் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. அண்ணன்மாரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

என் கட்சி இதுதான்: இளங்கலையில் சாதாரண கணினி அறிவியல், பி.எஸ்ஸி.யோ பி.இ.யோ கிடைப்பது. தடயவியல் முதுகலையில். இதைச் சொன்னதும் அவள் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப மூணு நாலு வருஷம் எல்லாரும் படிக்கிறதையே படிக்கணுமா?"

ஆமாம். முதல் காரணம், மேலே சொன்ன 4:15. இரண்டாவது காரணத்தைப் பிரசுரம் எதுவும் சொல்லாது. அரசு ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிக்கை வந்தால் எல்லாரும் சம்பளத்தைப் பார்ப்பார்கள், கடைசித் தேதியைப் பார்ப்பார்கள். நான் அவளைப் பார்க்கச் சொன்னது கல்வித் தகுதி என்ற பத்தியை. அதில் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கும். உங்கள் சான்றிதழில் இருப்பது வேறு பெயர் என்றால், உள்ளே இருக்கும் பாடம் அத்தனையும் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டும் இணையானவை என்று காட்டும் அரசாணையைத் தேடி அலைய வேண்டும். இணைக்கல்வித் தகுதி என்ற சொல்லைக் கேட்டாலே பெருமூச்சு விடும் பட்டதாரிகள் நம் ஊரில் எத்தனை பேர்! எங்கள் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பையன், கெட்டிக்காரன், கவர்ச்சியான பெயருள்ள ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பி வந்தான். வெறுமனே 'கணினி அறிவியல்' என்று போட்ட பட்டத்தை யாரும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

விதிவிலக்கும் உண்டு. நல்ல ஆய்வகம், நல்ல வாத்தியார் அமைந்த இடத்தில் தடயவியல் பி.எஸ்ஸி. படித்து, முதல் நாளே கை பழகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிவாதமாக இதுதான் வேண்டும் என்கிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் பதினேழு வயதில் இருக்கும் பிடிவாதம் பத்தொன்பதில் எங்கே போகும் என்று யார் கண்டது? கணினி அறிவியல் படித்தவள் மனம் மாறினால் வேறு நூறு வேலைக்குப் போகலாம்.

தனியாரில் வேலை இருக்கிறது: வங்கிகளின் பாதுகாப்புப் பிரிவு, பெரிய தணிக்கை நிறுவனங்களின் மோசடி விசாரணைப் பிரிவு, எங்களைப் போன்ற சில்லறைக் கடைகள். அங்கே பட்டத்தின் பெயரை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, 'இதில் என்ன நடந்திருக்கிறது, ரெண்டு பக்கத்தில் எழுது' என்பார்கள். நேர்காணலுக்கு வருகிறவர்களில் பலர் தேடிவிடுகிறார்கள். அந்த ரெண்டு பக்கத்தில்தான் விழுகிறார்கள்.

அக்காவின் கவலை வேறு. "பொட்டப்பிள்ளடா. ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையணுமா?" எங்கள் அறையில் ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள் என்றேன். கொஞ்சம் சமாதானமானாள். நான் சொல்ல யோசித்தது வேறொன்று. அவள் காபி போட உள்ளே போனதும் மருமகளிடம் மெதுவாகச் சொன்னேன். இந்த வேலையில் பார்க்கக் கூடாதவற்றைப் பார்க்க வேண்டி வரும், குழந்தைகள் சம்பந்தப்பட்டவைகூட. ஒரு வழக்குக்குப் பிறகு இரண்டு வாரம் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. வெளியே பேசவும் முடியாது, வழக்கு நடக்கிறதே. ஏதாவது கல்லூரி இதைப் பற்றி வகுப்பில் பேசுகிறது என்று தெரிந்தால் அதற்குத் தனி மதிப்பெண் போடு என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று இரவு ஒரு யோசனை. என் மேசை இழுப்பறையில் 512 எம்.பி. பென்டிரைவ் ஒன்று கிடந்தது, அந்தக் காலத்தில் பெருமையாக வாங்கியது. அதை ஃபேட் அமைப்பில் ஃபார்மட் செய்து, பழைய கேமராவில் எடுத்த குலசாமி கோயில் பொங்கல் படங்களில் பன்னிரண்டை அதில் போட்டேன். சிலதை இடம் விட்டு இடம் உடைந்து விழும்படி வைத்தேன். அத்தனையையும் அழித்தேன். மேலே இரண்டு பாட்டுகளைப் போட்டேன். காலையில் அவள் கையில் கொடுத்து, "ஆட்டாப்சிய இறக்கிக்கோ. ஒரு வாரம் டைம். எத்தனை படம் கிடைக்குதுன்னு சொல்லு. புடிக்கலைன்னா பாதியில விட்டுடு, நான் கேக்கவே மாட்டேன்" என்றேன்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போன்.

"மாமா, ஒம்பது படம் கெடைச்சிருச்சு. அத விடுங்க. எல்லாப் பேரும் வரிசையாத்தானே இருக்கணும், டி-ல ஆரம்பிச்சு? ஒண்ணுலகூட முதல் எழுத்தக் காணோம். அந்த எடத்துல ஒரு கோடுதான் இருக்கு. மத்த எழுத்தெல்லாம் இருக்கு. அது ஏன் முதல் எழுத்து மட்டும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த பென்டிரைவை ஃபேட்டில் ஃபார்மட் செய்தேன். பலரிடம் இதே பரீட்சையை வைத்திருக்கிறேன். படங்கள் கிடைத்தவுடன் 'முடிஞ்சிருச்சு சார்' என்று எழுந்துவிடுவார்கள். காணாமல் போன அந்த எழுத்து அவர்கள் கண்ணில் பட்டே இருக்காது.

பதிலை நான் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அவளே சொன்னாள். ஃபேட் அமைப்பில் ஒரு கோப்பை அழித்தால் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. அட்டவணையில் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 'அழிந்தது' என்பதற்கான ஈ5 (E5) என்ற குறியை எழுதிவிட்டு, அந்த இடமெல்லாம் காலி என்று குறித்துக்கொள்ளும். பத்திர ஆபீஸில் பெயரை அடித்துவிட்டு ஆளை வீட்டிலேயே இருக்க விடுகிற மாதிரி. புதிதாக யாராவது குடிவரும் வரை பழைய ஆள் அங்கேயேதான் இருப்பார். ஜப்பானிய எழுத்துகளில் சில அதே ஈ5இல் தொடங்குவதால், அப்படிப்பட்ட பெயர்களுக்கு மட்டும் 05 என்று மாற்றி எழுதி வைக்கும் கூத்தையும் அவள் தேடிப் படித்திருந்தாள். "யாரோ ஒருத்தர் ஒக்காந்து ஜப்பான்காரங்களையும் யோசிச்சிருக்காங்கல்ல மாமா" என்றாள்.

குதிக்காதே, இது பழைய பென்டிரைவ் என்றேன். இன்றைய எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டில்லாத, சிப்பில் எழுதும் டிஸ்க்) ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரிம் என்ற கட்டளை கொடுத்ததும் அழித்த இடங்களை டிஸ்க்கே துடைத்துவிடும். போன்களில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டிக் கிடக்கும். அழித்தால் சாவியும் சேர்ந்து போகும். இன்று எங்களிடம் வருவதில் பெரும்பாதி போனும் சிசிடிவியும்தான். கல்லூரியில் அழிந்த படத்தை மீட்பதையே மூன்று வருஷம் காட்டினால் ஏமாந்துபோகாதே.

"மிச்சம் மூணு படம்?"

இரண்டின் மேல் பாட்டு குடிவந்துவிட்டது, அது போனது போனதுதான். மூன்றாவது கிடைக்கும், ஆனால் இப்போது உன்னால் முடியாது என்று சொல்லி வைத்தேன். அவள் எடுத்துப் பார்த்தபோது அந்தப் படத்தில் மேல்பாதி மட்டும் வந்திருந்தது: கோயில் வேப்பமரம், அடுப்பு மூட்டும் எங்கள் அம்மாவின் தலை. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம்.

கவுன்சிலிங்கில் பி.இ. கணினி அறிவியல் கிடைத்தது, மதுரைப் பக்கம். பெரிய பெயரெல்லாம் இல்லாத கல்லூரி. ஆப்பரேட்டிங் சிஸ்டம் நடத்தும் பேராசிரியை நன்றாகச் சொல்லித் தருவார் என்று சீனியர் பிள்ளைகள் சொன்னார்கள், அதை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தோம். கறுப்பு முக்காடுக்காரர்களோடு அந்தப் பதினேழு பிரசுரங்களும் கொஞ்ச நாள் அக்கா வீட்டு அலமாரியில் அடியில் விரிக்கும் தாளாக இருந்தன.

இப்போது மூன்றாம் பருவம். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. முழுப் படம். அழித்த கோப்பின் முதல் துண்டு எங்கே என்பது அட்டவணையில் இருக்கும். அடுத்த துண்டு எங்கே என்ற சங்கிலியை ஃபேட் அழித்துவிடும். காலி இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிப் பார்த்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்ப்பாதியைப் பிடித்திருக்கிறாள்.

கீழ்ப்பாதியில் பொங்கல் பானை. பானைக்குப் பக்கத்தில் கோரைப்பாயில், வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடக்க, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பது நான். பன்னிரண்டு படங்களைப் பொறுக்கிய இரவில் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. அக்கா அதற்குள் மூன்று சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டாள். நான் மெதுவாக, "குழுவிலிருந்து அழித்துவிடேன்" என்று தனியாகச் செய்தி அனுப்பினேன்.

"அழிச்சா மட்டும் போயிருமா மாமா?" என்று பதில் வந்தது.